பன்னிரண்டாவது நிமிடம்

மாமாங்கராசா வாடகைக்கு எடுத்ததெல்லாம்
ஒரே படம்தான்.
பெயர் மாறும், நாடு மாறும், தொப்பி மாறும்.
செய்யாத கொலைக்கு ஒருத்தன் ஓடுவான்.

களுவாஞ்சிகுடி பஸ் நிலையத்துக்குக் கிட்ட
எட்டடிக்குப் பத்தடி என் வீடியோக் கடை.
வழக்குத் தவணை முடிந்து நேரே வருவார்,
வெள்ளைச் சேட்டின் கையை மடித்துவிட்டபடி.
"ஓட்டப்படம் புதிசா கிடக்கா மனே?"

சங்கக்கடைக் களஞ்சியம் அவர் பொறுப்பு.
நாற்பத்தாறு மூட்டை சீனி
கணக்கில் இருந்தது, களஞ்சியத்தில் இல்லை.
சாவி அவரிடம் இருந்தது.
அதற்கு மேல் ஊர் யோசிக்கவில்லை.

அவர் ஓடவில்லை.
எங்கே ஓடுவது?
கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு றோட்டு.
தண்டவாளமும் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது,
பாய்ந்து தொங்க ஒரு ரயில் கிடையாது.
அதுவும், ஓடினவனைச் சுட்டுவிட்டு
அடையாள அட்டை தேடிய காலம்.
சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறங்கி
மெதுவாய் நடந்தே பழகிய கால்கள்.
அந்தக் கால்களை மேசைக்குக் கீழே ஆட்டிக்கொண்டு
என் சின்னத் திரையைப் பார்த்துச் சத்தம் போடுவார்:
"கிறுகிப் பாக்காத! ஓடு! ஓடு!"

அவனுக்கு ஓட இடம் இருக்கிறது,
கூரைக்கு அடுத்து ஒரு கூரை,
பனி, பாலம், எவனோ பூட்டாமல் விட்ட கார்.
ஒருமுறை சொன்னார்:
"ஆரெண்டே தெரியாத பொம்புள
ஒரு மணித்தியாலத்துக்குள்ள அவன நம்புறாள்.
என்ட பொஞ்சாதிக்கு
ஏழு வருசம் எடுத்திச்சு மனே."
சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இந்தப் படங்களின் ருசி எதில் என்று
கடைக்காரன் எனக்குத் தெரியும்.
தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுவார்கள்
அவன் கையில் இரத்தம் இல்லை என்பதை.
பொலிசுக்குத் தெரியாது, பத்திரிகைக்குத் தெரியாது,
இருட்டில் கச்சான் கொறிக்கிற நமக்குத் தெரியும்.
அந்த நிம்மதிக்குத்தான் காசு.

எனக்கும் தெரியும்.

ஆடி மாதம். கரண்ட் இல்லாத இரவு.
கடையை உள்ளால் பூட்டிவிட்டு
குப்பி விளக்கில் அறுந்த நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன்.
எதிரே சங்கத்தின் பின்கதவில்
வெளிச்சம் போடாத உழவு இயந்திரம்.
சுமந்தவர்களில் இரண்டு முகம் தெரிந்தது,
ஒன்று சங்கத் தலைவரின் மச்சான்.
விளக்கை ஊதி அணைத்தேன்.
மறுநாள் அவன் வந்து ஒரு படம் எடுத்துப் போனான்.
திருப்பித் தரவில்லை.
நான் கேட்கவுமில்லை.

சுவரில் எழுதியிருந்தேன்:
'நாடாவை முழுமையாகச் சுற்றித் தரவும்.
தவறினால் ஐந்து ரூபா.'
மாமாங்கராசா ஒருநாளும் சுற்றித் தந்ததில்லை.
ஐந்து ரூபாவைப் பேசாமல் வைத்துவிடுவார்.
ஒரு மழை நாளில், வேலை இல்லாமல்,
அவர் தந்ததை அப்படியே டெக்கில் போட்டேன்.
முடிவிலல்ல,
பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றிருந்தது.
இன்னும் பிணம் விழவில்லை.
கதாநாயகன் தேநீர்க்கடையில் குந்தியிருக்கிறான்,
பத்திரிகையை மடிக்கிறான்,
இன்னொரு கரண்டி சீனி கேட்கிறான்.
ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை.
அடுத்த நாடாவைப் போட்டேன்.
அதிலும் யாரோ ஒருவன்
கண்ணாடி முன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு
விசிலடிக்கிறான்.

ஒன்பதாம் வருடம் விட்டார்கள்.
செய்யவில்லை என்று சொல்லவில்லை,
சான்று போதாதாம்.
அன்றைக்கும் வந்தார், அதே சேட்டு.
படத்தை உறையில் போட்டுக் கொடுத்து
காசு வேண்டாம் என்றேன்.
"ஏன் மனே?" என்றார்.
ஒன்பது வருட வழக்கில்
என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி.

"முழுக்கச் சுத்தித்தான் கிடக்கு அண்ணன்"
என்றேன்.